உட்கார்ந்திருப்பவனுக்குச் சாவு கிடையாது

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில், தி. நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடம் விற்பனையாளனாக நின்று கால் தேய்ந்த பிறகு, எமன் படுத்திருப்பவர்களை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போவான் என்று நான் நம்பினேன். உட்கார்ந்திருப்பவனை அவன் பார்த்துவிட்டு, "சரி, இவன் ஏதோ வேலையாக இருக்கிறான்" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான்.

இப்படி நம்புவதற்கு என்னிடம் சோதனை முடிவே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி மாத இரவு. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று போர்ஷன் வீட்டில் கீழ்ப் போர்ஷன் எங்களுடையது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் மனைவியும்தான். பன்னிரண்டரை மணிக்கு விழித்துக்கொண்டேன். பிதுங்கி வழியும் பெட்டியை மூடுவதற்கு அதன்மேல் முழங்காலை ஊன்றி ஏறுவார்களே, அதுபோல யாரோ என் நெஞ்சின்மேல் ஏறியிருந்தார்கள். வயிறு உப்பி, தட்டினால் கச்சேரி ஆரம்பித்துவிடும் போல இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில், தெருநாய் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஓர் ஏப்பம். முழங்கால் இறங்கியது. படுத்தேன், ஏறியது. உட்கார்ந்தேன், இறங்கியது. நான்கு தடவை செய்து பார்த்தேன். நான்கு தடவையும் ஒரே விடை. இதற்குமேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? அன்றிலிருந்து இரவில் பாதி நேரம் கூடத்து மரநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே உயிரோடு இருந்தேன்.

வேறு எவனாக இருந்தாலும் இதை "வாயு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பான். எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொல்ல முடியாது. என் அப்பாவுக்கு நாற்பத்தேழு வயதில் ஒரு ராத்திரி நெஞ்சு இறுகியது. எல்லோரும் வாயு என்றார்கள். அப்பாவும் வாயு என்றார். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். முதுகைத் தடவிவிட்டோம். பால்காரன் வருவதற்குள் அவர் போய்விட்டார். தண்ணீரை ஆற்றி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தவன் நான். பிறகு அந்த டம்ளரைத் துலக்கி வைத்தவனும் நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. யாராவது விருந்தாளி வாழைக்காய் பஜ்ஜியைப் பார்த்து, "ஐயோ, வாயு" என்றால், பஜ்ஜித் தட்டு மட்டுமல்ல, பேச்சே உள்ளே போய்விடும்.

அதனால் எனக்கு வந்தது வாயு என்று சொல்லவும் பயம். வாயு இல்லை என்று சொல்லவும் பயம். டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். போனால் அவர் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவாரே.

மனைவியிடமும் சொல்லவில்லை. அப்பா கதை அவளுக்குத் தெரியும். கல்யாணமான வருடமே என் வயதைக் கணக்குப் போட்டு, "நாப்பத்தேழு தாண்டிட்டா திருவேற்காட்டு அம்மனுக்குப் பொங்கல் வெக்கணும்" என்று வேண்டிக்கொண்டவள். கணக்கு டீச்சர் வேறு. பகலில் பள்ளிக்கூடம், மாலை ஆறு முதல் ஒன்பது வரை கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். பிள்ளைகள் போனபின் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். ஒன்பதே முக்காலுக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. பல வருடமாக இதுதான் எங்கள் வீட்டு நேரம்.

இவளிடமிருந்து ஒரு விஷயத்தை மறைப்பது எப்படி? நோயாளிகள் முதலில் மாட்டிக்கொள்வது சாப்பாட்டில்தான். "ஏன் ரெண்டு தோசையோட எழுந்துட்டீங்க?" என்ற கேள்வியிலிருந்துதான் எல்லா விசாரணையும் தொடங்கும். ஆகவே நான் சாப்பாட்டைக் குறைக்கவே இல்லை. கூட்டினேன். திடகாத்திரமானவன் என்பதற்குத் தினமும் தட்டில் சாட்சி வைத்தேன். ஐந்து தோசை. கத்திரிக்காய் கொத்சு இரண்டாம் முறை. "இன்னும் ஒண்ணு?" என்றால் "ஒண்ணு எதுக்கு, ரெண்டா போடு" என்பேன்.

அவளும் தாராளமாகப் போட்டாள். முன்பெல்லாம் எண்ணெயை எண்ணி ஊற்றுகிறவள், அந்த வைகாசியில் தோசைமேல் நெய்யைச் சுற்றிச் சுற்றி விட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு நாட்டு வாழைப்பழம். பிறகு படுக்கப் போகும்போது ஒரு புது வழக்கம்: பூண்டை வேகவைத்த பால், பெரிய டம்ளர் நிறைய.

"இது எதுக்கு?"

"ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னாங்க. உடம்புக்கு நல்லதாம்."

"எந்த உடம்புக்கு?"

"குடிக்கிற உடம்புக்கு. குடிங்க."

குடித்தேன். குடித்துவிட்டு உடனே படுத்தேன். அரை மணியில் முழங்காலை ஊன்ற ஆள் வந்துவிட்டது.

கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் இன்னொரு வைத்தியமும் ரகசியமாக நடந்தது. கோலி சோடா. பஸ் ஏறுவதற்கு முன் ஒன்று, இறங்கி நடக்கும்போது தெருமுனையில் ஒன்று. உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுவதற்கு இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே அனுப்புவது என்ற தத்துவம். இதில் என்ன தவறு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் வேண்டுமல்லவா? அதற்குக் குழாய் உதவியது. அந்த வருடம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். வாசல் கைப்பம்பில் மெட்ரோ தண்ணீர் ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும்; சில நாள் இரண்டு. "தண்ணி வருதான்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டால் மயிலாப்பூரில் ஒரு மனிதன் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டியிருந்தது. நெஞ்சு இளகியதும் வெளியே போய்ப் பம்ப் அடிப்பேன். எட்டுக் குடம், பத்துக் குடம், சில நாள் பன்னிரண்டு. இதயம் பழுதாகிவிட்டது என்று நம்புகிற ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு இந்த வேலையைச் செய்யலாமா என்ற கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பாத்திரமெல்லாம் நிரம்பி, மிச்சத்தை மாடிப் போர்ஷனுக்கும் கொடுத்தேன். அந்த வீட்டு மாமி ஒருநாள் காலை என் மனைவியிடம் மாடிப்படியில் நின்று அங்கலாய்த்தது என் காதில் விழுந்தது.

"எங்காத்துலயும் ஒருத்தர் இருக்காரே, இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டார். உங்காத்துக்காரரைப் பாருங்கோ, ஊரே தூங்கிண்டிருக்கு, அவர் ஜலம் அடிச்சுண்டிருக்கார். நீங்க கொடுத்து வெச்சவா!"

மனைவி, "ஆமாம் மாமி" என்று மட்டும் சொன்னாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது என்பதால் ஊரிலுள்ள மண்டபமெல்லாம் நிரம்பியிருந்தது. என் கடை முதலாளியின் தங்கை மகனுக்கு வடபழனியில் வரவேற்பு. கச்சேரி நீண்டு, மேடையில் கைகொடுக்க வரிசை நீண்டு, நாங்கள் பந்தியில் உட்காரும்போது மணி பத்து. மனைவி பக்கத்தில் இருந்தாள். சாட்சி வைக்க இதைவிட நல்ல இலை கிடைக்காது. பூரி, பிரிஞ்சி, சாம்பார் சாதம், தயிர் சாதம், இரண்டு ஜாங்கிரி, மேலே ஐஸ்கிரீம். முடித்துவிட்டு பீடா. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். "வந்த களைப்பு" என்று உடனே படுத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு விழித்தபோது நெஞ்சின்மேல் ஒரு முழங்கால் அல்ல, குடும்பத்தோடு ஏறியிருந்தார்கள். எழுந்து நாற்காலிக்குப் போனேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏப்பம் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, இறங்கவில்லை. தொண்டைவரை ஏதோ புளித்துக்கொண்டு ஏறியது. நெற்றி வேர்த்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். கால் மணி. என் தத்துவம் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. அடுத்தது நான்தான் என்று தோன்றியது. அப்பாவுக்கும் இந்த நேரத்தில்தான் ஆரம்பித்தது.

அப்போது இருட்டிலிருந்து அவள் குரல்.

"இன்னைக்குப் பம்புக்குப் போகலையா?"

தூங்கி எழுந்த குரல் இல்லை. நெடுநேரம் விழித்திருந்தவளின் குரல்.

"தண்ணி... இன்னும் வரலை."

"வந்து பத்து நிமிஷம் ஆச்சு. பக்கத்து வீட்ல அடிக்கறாங்க, சத்தம் கேக்கலை?" விளக்கைப் போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "எங்க இறுக்குது?"

நெஞ்சைக் காட்டினேன். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். என்னை அறியாமல், இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"வாயுவா இருக்கும்."

"அதை டாக்டர் சொல்லட்டும். ஓமமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சட்டையைப் போடுங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒயர் கூடையை இழுத்தாள். அதில் என் லுங்கி, துண்டு, பிளாஸ்க், டம்ளர், ஒரு சின்னத் தலையணை. மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் மகளுடைய ஹாஸ்டல் போன் நம்பர். எல்லாம் மடித்து, அடுக்கி, தயாராக இருந்தது. அந்தக் கூடைக்கு மேலேதான் நான் தினமும் படுத்துத் திடகாத்திரமானவனாக நடித்திருக்கிறேன்.

தெருமுனையில் ஆட்டோக்காரர் வண்டிக்குள்ளேயே கால் மடக்கித் தூங்குவார். அவள் போய் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் எழுந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இன்னிக்குத்தான் வரியா? யக்கா ஒரு மாசமா சொல்லிக்கினு கீது, 'ராத்திரி வந்து எழுப்புவேன், தொலைவா போய்த் தூங்காதே'ன்னு. ஒன்னால நான் வூட்டுக்கே போல, தெரியுமா?"

"சாரிப்பா, லேட் ஆயிடுச்சு" என்றேன். நெஞ்சு இறுகும்போதும் எனக்கு வாய் இறுகாது.

"பேசாத நைனா, ஒக்காரு. யக்கா, கெட்டியா புட்ச்சிக்கோ."

கிரீன்வேஸ் சாலையில் ஒரு வண்டி இல்லை. அடையாறு பாலத்தின்மேல் காற்று முகத்தில் அடித்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள்; பிடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நாடி பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஆற்றைத் தாண்டும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இவளுக்கு நான் ஓமத் தண்ணீர் டம்ளரைத் துலக்கும் வேலையைக் கொடுத்துவிடக் கூடாது.

அடையாற்றில் அது ஒரு சின்ன மருத்துவமனை. ராத்திரி டியூட்டியில் ஓர் இளம் பெண் டாக்டர். சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் பசை தடவி, ரப்பர்க் குமிழ்களை வரிசையாக ஒட்டினார்கள். அதற்குள் மனைவி என் அப்பா கதையைச் சொல்லிவிட்டாள். காகிதம் நீளமாக ஓடி வந்தது. அதைப் படித்துக்கொண்டே கேட்டார்.

"நடந்தா இப்படி இறுக்குதா சார்?"

"இல்ல டாக்டர்."

"படி ஏறினா? வெயிட் தூக்கினா?"

"இல்ல."

மனைவி குறுக்கிட்டாள். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பம்ப் அடிப்பார் டாக்டர். பன்னெண்டு குடம்."

டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "நெஞ்சு இறுக்கத்தோடயா?"

"அது விட்டதும்."

"அடிக்கும்போது ஒண்ணும் பண்ணலையா?"

"தோள்பட்டை வலிக்கும். பம்புக்கு எண்ணெய் போட்டு வருஷக்கணக்காச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ஈ.சி.ஜி.ல இப்போ ஒண்ணும் தெரியலை. ஆனா ஒரு தடவை எடுத்துட்டு அனுப்பிட மாட்டேன். அப்பாவுக்கு நடந்ததையும் சொல்றீங்க. காலைல இன்னொண்ணு எடுக்கணும், ரத்தமும் பார்க்கணும். படுங்க."

"படுக்கணுமா?" என்றேன், நிஜமான பயத்தோடு.

"தலைப்பக்கம் தூக்கிவிடுறேன். சாஞ்சு உட்காருங்க."

நர்ஸ் ஒரு சின்னக் கோப்பையில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஓர் ஏப்பம் வந்தது. அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர் தூக்கத்திலேயே "யாரு?" என்றார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

காலையில் இரண்டாவது ஈ.சி.ஜி.யும் ரத்தமும் சரியாக இருந்தன. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழித்துப் படுப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவருடைய புருவம் ஏறிக்கொண்டே போனது. பூண்டுப் பாலை மனைவி சொன்னாள். சோடாவை நான் ஒப்புக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அவளுக்குப் புதுச்செய்தி என்று தெரிந்தது.

"வயிறு நிறைய போட்டுட்டு உடனே மல்லாந்து படுத்தா, அமிலம் மேல வரும் சார். அது நெஞ்சுக்குள்ள ஏறுறப்போ இதயம் மாதிரியேதான் இறுக்கும். காத்தும் சேர்ந்துட்டா மூச்சு முட்டும். உட்கார்ந்தா கீழ இறங்கிடும், அவ்வளவுதான். எட்டு மணிக்குள்ள சாப்பிடுங்க. பாதி சாப்பிடுங்க. சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் படுக்காதீங்க. கட்டில்ல தலைப்பக்கக் கால் ரெண்டுக்கும் அடியில செங்கல் வைங்க. இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. பூண்டுப் பால், சோடா, படுக்கும்போது பழம், எல்லாத்தையும் நிறுத்துங்க. அடுத்த வாரம் ட்ரெட்மில் ஓடிட்டு வந்து காட்டுங்க." பிறகு பேனாவை மூடினார். "இன்னொண்ணு. இது வாயுன்னு தெரிஞ்சிருச்சுன்னு நாளைக்கு வேற மாதிரி வலி வந்தா வீட்ல உட்கார்ந்து தீர்ப்பு சொல்லாதீங்க. கை வலிச்சாலோ, வேர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேரா வந்துடணும். நேத்து வந்தீங்க பாருங்க, அது சரி. ஒரு மாசம் வராம இருந்தீங்க பாருங்க, அதுதான் தப்பு."

மனைவி மெதுவாகக் கேட்டாள். "அப்போ, நான் போட்டதுதானா டாக்டர்?"

அந்தக் கேள்வியை அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க போட்டீங்க, அவர் சாப்பிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா உழைச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். ஒயர் கூடை மடியில். பாலம் வந்ததும் கேட்டாள்.

"போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ கண்டுபிடிச்சிடுவே."

"நான் முதல் வாரமே கண்டுபிடிச்சிட்டேன். முகம் வாடிப் போச்சு, தூக்கம் இல்லை. தெம்பு வரட்டும்னுதான் நெய் விட்டேன். பூண்டு இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க. நீங்க அஞ்சு தோசை சாப்பிடறதைப் பார்த்துட்டுத்தான் கொஞ்சம் தைரியமா இருந்தேன்."

"நான் சாப்பிட்டதே உனக்குத் தைரியம் வரணும்னுதான்."

"மகா ஜோடி" என்றாள்.

"கேக்கறதுக்கு என்ன? கண்டுபிடிச்சே இல்ல, அப்பவே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கலாமே."

"கேட்டா ஒண்ணுமில்லைம்பீங்க. ஒரு ஜோக் சொல்வீங்க. அதுக்கப்புறம் சாப்பாட்டையும் குறைச்சு, அதையும் மறைப்பீங்க." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பயமாவும் இருந்துது. போனா என்ன சொல்வாங்களோன்னு. தினம் பம்ப் சத்தம் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். சத்தம் வர்ற வரைக்கும் இருக்கீங்க. நின்னா எழுந்து உட்கார்ந்துடுவேன். குடம் நிரம்பித்தான் நின்னுதான்னு, நீங்க உள்ள வர்ற வரைக்கும் தெரியாது."

நான் அவள் மடியிலிருந்த கூடையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ட்ரெட்மில்லில் ஓடினேன். முடிவு சரியாக இருந்தது. எனக்கு இருந்தது வயிற்று அமிலம். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டேன்; முழங்கால் அதற்குப் பிறகு ஏறவில்லை. அவள் டியூஷனைக் காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டாள். பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டே வந்தார்கள். நான் முதலாளியிடம் சொல்லிக் கடையிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினேன். எட்டு மணிக்குள் சாப்பிட்டோம். எனக்கு இரண்டு தோசை, அவளுக்கு இரண்டு.